கதவுக்குப் பின்னால் ஜெபம்: சபையில் முதல்முறை ஆல்ஃபா கோர்ஸ் நடத்தப் போகிறவர்களுக்கு

கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா கோர்ஸை நாங்கள் முதன்முதலாக நடத்தியபோது, முதல் நாள் மாலை இட்லியும் சாம்பாரும் ஆறிப்போனது ஒரு ஜெபத்தால்தான். மதுரையில் ஒரு சபை, பெயர் வேண்டாம். விருந்தினர்கள் பதினெட்டுப் பேர். அதில் ஏழு பேர் அன்றுதான் முதன்முதலாக ஒரு சபை வளாகத்துக்குள் காலெடுத்து வைத்தவர்கள். "சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம் பண்ணுங்கய்யா" என்று கமிட்டியில் மூத்தவர் ஒருவரைக் கேட்டுவிட்டோம். அவர் ஆதாமில் ஆரம்பித்தார். ஆபிரகாமைக் கடக்கவே ஐந்து நிமிடம். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். நடுவில் "இருளில் இருக்கிற இந்த ஜனங்கள்" என்று ஒரு வரி. எனக்கு எதிரே செல்லூரிலிருந்து வந்திருந்த ஒரு தறிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து தன் மனைவியைப் பார்த்தார். அடுத்த வாரம் அந்த இரண்டு சேரும் காலி.

பெரியவர்மேல் குற்றமில்லை. ஞாயிறு ஆராதனையில் எப்படி ஜெபிப்பாரோ அப்படித்தான் ஜெபித்தார். இடம் வேறு, கேட்கிற காது வேறு என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்.

அதற்கப்புறம் நான்கு முறை நடத்திவிட்டோம். எங்களுக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் இதுதான்: விருந்தினர் வராத நேரத்தில் எவ்வளவு ஜெபிக்கிறோமோ, அவர்கள் வந்து உட்கார்ந்த நேரத்தில் அவ்வளவு குறைவாக ஜெபித்தால் போதும். பின்னால் ஜெபிக்காத குழுதான் முன்னால் நீட்டி முழக்கும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதைப் பற்றித்தான்.

ஆல்ஃபா தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1977-ல் லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் ஆலயத்தில் புதிய விசுவாசிகளுக்கான வகுப்பாக ஆரம்பித்தது. 1990-ல் நிக்கி கம்பெல் பொறுப்புக்கு வந்தபின், சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கானதாக மாறியது. வாரம் ஒரு மாலை, சுமார் பத்து வாரம். சாப்பாடு, ஒரு பேச்சு, பிறகு சிறு குழுவில் கலந்துரையாடல். நடுவில் ஒரு நாளோ ஒரு வார இறுதியோ வெளியே போய்ப் பரிசுத்த ஆவியானவரைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் இந்தப் பெயரில் நடத்தாமல் உங்கள் சபைப் போதகரே எழுதிய பாடங்களை வைத்து நடத்தினாலும் இங்கே சொல்வது பொருந்தும்.

நாள் குறிப்பது

"ஜெபித்து நாள் குறியுங்கள்" என்பார்கள். சரி, ஜெபியுங்கள், கூடவே காலண்டரையும் பாருங்கள். மதுரையில் சித்திரை மாதம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் யாரும் நினைத்த நேரத்துக்கு நினைத்த இடம் போய்ச்சேர முடியாது. உங்கள் விருந்தினர்களில் பாதிப் பேர் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போயிருப்பார்கள். பங்குனிப் பக்கம் பரீட்சை, ஈஸ்டருக்கு முந்தின லெந்து கால உபவாசக் கூட்டங்கள். ஐப்பசி வந்தால் தீபாவளி. எங்களுக்கு ஒத்துவந்தது ஜூலை நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசியில் முடிப்பது. உங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை எப்போது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரம் குழுவில் ஒருவர்கூட உங்கள் கையில் இருக்க மாட்டார்.

ஆரம்ப நாளுக்கு எட்டு வாரம் முன்பாகவே ஜெபக்குழுவை அமைத்துவிடுங்கள். சமையல் குழுவையும் பேச்சாளரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாரைச் சேர்ப்பது

ஆறு பேர் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். சத்தமாக, சரளமாக ஜெபிக்கிறவர்களைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். நான் பார்க்கும் தகுதி ஒன்றுதான்: கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கத் தெரிய வேண்டும். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கோர்ஸ் மாலைக்கு வர முடியாதவர்களைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் குழுவில் மூட்டுவலியால் வீட்டைவிட்டு இறங்காத ஒரு பாட்டியம்மா இருந்தார். இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர். மாட்டுத்தாவணியில் சவாரிக்காகக் காத்திருக்கும் ஆட்டோக்காரர் ஒருவர். எங்கள் கோர்ஸ் மாலை வியாழக்கிழமை; அன்று அவர் ஏழு மணிக்கு இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் ஜெபிப்பார். நடுவில் சவாரி வந்தால் போய்விடுவார், அது பரவாயில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டால் நிச்சயம் இரண்டு பேராவது கிடைப்பார்கள். கமிட்டிக்காரர்கள் எல்லோரையும் மரியாதைக்காகச் சேர்த்தால் அது ஜெபக்குழுவாக இருக்காது, இன்னொரு கமிட்டியாகிவிடும்.

நாற்பது பக்க நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். குழுவில் ஒவ்வொருவரும் தாங்கள் அழைக்க நினைக்கும் மூன்று பேரை மனதில் வைத்துக்கொண்டு, முதல் எழுத்தை மட்டும் நோட்டில் எழுதட்டும். முழுப்பெயர், தெரு, வேலை எதுவும் வேண்டாம். நோட்டு ஒருவர் கையில் மட்டுமே இருக்கும்.

அடுத்தது, என்ன கேட்டு ஜெபிப்பது? "இந்த ஆத்துமாவைச் சந்தியும் ஆண்டவரே" என்று எட்டு வாரமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் ஜெபிக்கிறவருக்கே தூக்கம் வரும். எங்கள் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"மு. — வியாழன் செகண்ட் ஷிப்ட். மாத்திக் கிடைக்கணும்."
"செ. — மாமியார் ஒத்துக்கணும்."
"ரா. — திருமங்கலத்திலிருந்து வரணும், திரும்பப் போக பஸ்."
"பா. — நான் அவனிடம் வாங்கிய கடனை முதலில் திருப்பிக் கொடுக்கணும்."

கடைசி வரியை எழுதியது நான்தான். ஒருவருக்காக நாற்பது நாள் ஜெபித்தால் அவரிடம் நாம் வைத்திருக்கும் கணக்கு வழக்கெல்லாம் மேலே வந்துவிடும். இரண்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கோர்ஸ் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் அழைத்தேன். இப்படியாகப் பஸ் இல்லை என்று ஜெபித்தவர்கள் ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஆளைத் தேடினார்கள். ஜெபம் வேலை வைக்கும், அதற்கும் நோட்டில் ஒரு பத்தி விட்டு வையுங்கள்.

வாரம் ஒருமுறை நேரில் கூடுங்கள், முக்கால் மணி நேரம். பாட்டு ஒன்று போதும். வீட்டில் கூடினால் மைக், ஸ்பீக்கர் பெட்டி எதுவும் வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டும் அல்லவா? அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையே நாளைக்குக் கோர்ஸுக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை உபவாசம் பல சபைகளில் பழக்கத்தில் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் காலை உணவை விடட்டும். சர்க்கரை உள்ளவர்கள் விடக்கூடாது, கர்ப்பிணிகளும் கூடாது. இதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அவர்களாகச் சொல்லக் கூச்சப்படுவார்கள். முழு இரவு ஜெபத்தைக் கோர்ஸ் மாலைக்கு முந்தின இரவு வைக்காதீர்கள். ஒருமுறை வைத்தோம். மறுநாள் சிறு குழுவில் விருந்தினர் ஒருவர் தன் அப்பாவின் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் குழுத்தலைவர் தலை தொங்கிவிட்டது.

கோர்ஸ் மாலை

கோர்ஸை நடத்தும் குழு ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும். விருந்தினர் வருவது ஆறரைக்கு. முதல் அரை மணி நேரம் சேர் போடுவது, தண்ணீர் கேன் வைப்பது. ஆறு மணிக்குக் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஜெபத்துக்கு வர வேண்டும். சமையல் செய்கிறவர்களும்தான். "நீங்க ஜெபிங்க, நாங்க வடையைப் பார்த்துக்கிறோம்" என்று ஒதுங்குவார்கள். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள். சமையலறையில் நிற்கிறவர்களைத்தான் விருந்தினர் முதலில் பார்க்கிறார்கள், முதலில் சிரிக்கிறார்கள்.

நாங்கள் செய்யும் ஒரு முறையைச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு துணி எடுத்துக்கொள்வோம். வட்டமாகப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் சேர் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, இங்கே யார் உட்காரப் போகிறார்களோ அவர்களுக்காக ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு, எழுந்து சேரைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போவோம். வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மதுரைத் தூசி எப்படி என்று உங்களுக்குத் தெரியும், துணி கறுத்துவிடும். சேரில் உட்கார்ந்து பார்த்தால் வேறு சிலதும் தெரியவரும். ஒரு சேரிலிருந்து பேச்சாளரை மறைத்துக்கொண்டு தூண் நிற்கும். இன்னொன்றின் காலில் விரிசல். ஃபேன் காற்றே படாத மூலை ஒன்று இருக்கும். மூன்றாவது வாரம் அந்த மூலையில் சேர் போடுவதை நிறுத்திவிட்டோம்.

பேச்சு நடக்கும்போது பின்னறையில் இரண்டு பேர் ஜெபித்துக்கொண்டிருக்கலாம், நல்லதுதான். ஆனால் அந்தப் பின்னறையின், அதாவது உங்கள் வெஸ்ட்ரியின், சுவர் கூரையைத் தொடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது தொடவில்லை. இயேசு யார் என்று இந்தப் பக்கம் அமைதியாகப் பேச்சு போய்க்கொண்டிருக்க, அந்தப் பக்கமிருந்து ஒருவர் கண்ணீரோடு கதறும் சத்தம். விருந்தினர் ஒருவர் எழுந்து, "யாருக்கோ உடம்பு சரியில்ல போல, பாருங்க தம்பி" என்றார்.

சாப்பாட்டு ஜெபத்துக்கு எங்களிடம் இப்போது ஒரே ஒரு வாய்பாடு: "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கும் சமைத்தவர்களுக்கும் வந்திருக்கிற எல்லோருக்கும் நன்றி. ஆமென்." மெதுவாகச் சொன்னாலும் பத்து நொடி ஆகாது. யார் சொல்வது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் "ஐயா ஒரு வார்த்தை" என்று யார் பக்கமும் திரும்பாதீர்கள்.

சிறு குழுவை முதல் மூன்று நான்கு வாரம் ஜெபத்தோடு ஆரம்பிக்க வேண்டாம், ஜெபத்தோடு முடிக்கவும் வேண்டாம். புதியவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருக்கும். ஜெபம் இல்லாமல் முடித்தால் கை கழுவாமல் எழுந்த மாதிரி ஒரு உறுத்தல். அந்த உறுத்தலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் போனபிறகு குழு மட்டும் கூடிப் பத்து நிமிடம் ஜெபித்துவிட்டுப் பாத்திரம் கழுவலாம்.

குழுத்தலைவருக்கு அந்த ஒரு மணி நேரமும் ஜெபமே இல்லையா என்றால், இருக்கிறது. நெகேமியா அர்தசஷ்டா ராஜா முன்னால் நின்றுகொண்டிருந்தார். "என்ன வேண்டும்?" என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் நெகேமியா ஜெபித்தார் என்று வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறது. எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். "எல்லாச் சாமியும் ஒண்ணுதானே சார், அப்புறம் எதுக்கு நீங்க மட்டும் தனியா?" என்ற கேள்வி உங்கள் குழுவில் முதல் வாரமே வரும். அப்போது அந்த ஒரு மூச்சு. அதன் பலன் பெரும்பாலும், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்கும் நிதானம்தான்.

எந்தத் தமிழில்

மதுரைக்கு 1606-ல் வந்த இத்தாலியச் சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். இந்த ஊர்க்காரரோடு இந்த ஊர் மொழியில் பேசினால்தான் ஆகும் என்று நினைத்தவர். நாம் இந்த ஊரிலேயே பிறந்துவிட்டு, ஜெபம் என்றதும் வேறு ஊர்க்காரர்களாகிவிடுகிறோம். "கிருபாசனத்தண்டையிலே", "தயைகூர்ந்தருளும்", "பிதாவாகிய தேவனே", "இரட்சிப்பின் பாத்திரம்". பாமாலையிலும் கீர்த்தனையிலும் இவற்றுக்கு ஒரு அழகு உண்டு, மறுக்கவில்லை. மெஜுரா கோட்ஸ் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு இந்துப் பெரியவர் என்னிடம், "பாத்திரம்னா சமையல் பாத்திரமா தம்பி?" என்று உண்மையாகவே கேட்டார்.

கேட்கிறவர் யாராக இருந்தாலும் 'கடவுள்', 'ஆண்டவர்' இரண்டும் புரியும். 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பு 'தேவன்', 'கர்த்தர்' என்ற இடங்களில் இவற்றைத்தான் வைத்திருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பின் ஓசையில் வளர்ந்தவர்களுக்கு அது கொஞ்சம் அந்நியமாகப்படும். கோர்ஸ் மாலைக்கு மட்டுமாவது பழகிக்கொள்ளலாம். குழுப் பயிற்சியில் நாங்கள் ஒரு விளையாட்டு வைப்போம். ஒருவர் தன் அம்மாவிடம் செலவுக்குப் பணம் கேட்பது போலப் பேசிக் காட்ட வேண்டும். உடனே அதே குரலில், அதே வேகத்தில் ஒரு ஜெபம். இருபது வருட விசுவாசிகளுக்கே வேர்த்துவிடும்.

விருந்தினர் ஜெபிக்கும்போது

ஆல்ஃபாவில் பாதி வழிக்குள் ஜெபத்தைப் பற்றியே ஒரு பேச்சு வரும். அன்றைக்குத்தான் சிறு குழுவில் முதன்முதலாக ஜெபிக்கலாமா என்று கேட்கலாம். கேட்கும்போது தப்பித்துக்கொள்ள வழி வைத்துக் கேளுங்கள்: "இன்னைக்கு முடிக்கும்போது ஒரு நிமிஷம் அமைதியா இருக்கலாம். யாருக்காவது வாய்விட்டு ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லலாம். யாரும் சொல்லாட்டியும் சரிதான்."

இரண்டாவது கோர்ஸில் எங்கள் குழுவில் பூக்கட்டும் ஒரு அம்மா இருந்தார். வரும்போதே மடியில் மல்லிகையும் நாரும் கொண்டுவருவார். பேச்சு நடக்கும்போதும் கை கட்டிக்கொண்டே இருக்கும். நான்கு வாரமாகச் சிரிப்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அன்று அந்த ஒரு நிமிட அமைதி வந்ததும் கை நின்றது. பக்கத்திலிருந்த எங்கள் குழுத்தலைவியைப் பார்த்து, "ஏக்கா, நான் பேசுறது உங்க சாமிக்குப் புரியுமா?" என்று கேட்டார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். "சாமி, எம்மவனுக்கு ஒரு வேலை கெடச்சா நல்லாருக்கும். அம்புட்டுத்தான்." ஆமென் சொல்லவில்லை. மறுபடியும் நாரை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில் நம் கை பரபரக்கும். அந்த ஜெபத்தை நாம் எடுத்து, "இயேசுவின் நாமத்தில்" சேர்த்து, அழகாக முடித்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். அக்கா வாயைத் திறக்கவில்லை. கோர்ஸ் முழுவதிலும் அக்கா செய்த பெரிய ஊழியம் அதுதான் என்பேன். அடுத்த வாரம், அதுவரை எல்லாவற்றையும் மறுத்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு அக்கவுன்டன்ட், அந்த அம்மா சொன்ன அதே நீளத்தில் ஒரு வரி சொன்னார். குழுத்தலைவி ஐந்து நிமிடம் ஜெபித்திருந்தால் அவர் வாயையே திறந்திருக்க மாட்டார்.

கை வைத்து ஜெபிக்கும் நாள்

பரிசுத்த ஆவியானவரைப் பற்றிப் பேசும் நாளுக்கு எங்கே போவது? வசதி இருந்தால் கொடைக்கானல். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியம் ஆரம்பித்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள், வெயிலையும் காய்ச்சலையும் தாங்க முடியாமல் மலையேறி 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். ஆகவே மதுரைக் கிறிஸ்தவர்கள் கொடைக்குப் போவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இரவு தங்குவது பல பெண்களுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத காரியம், செலவும் அதிகம். நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

அன்றைக்குத் தனியாக ஜெபம் வேண்டுகிறவர்களுக்காகக் குழு ஜெபிக்கும். இதற்கு ஒரு வாரம் முன்பாகக் குழுவுக்கு ஒரு மாலை தனிப் பயிற்சி கட்டாயம் கொடுங்கள். எங்கள் ஒழுங்கு இது:

ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். எப்போதும் இருவராக. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில்லை, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஓரமாக.

முதலில் கேள்வி: "உங்களுக்காக என்ன கேக்கணும்?" அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும். முழங்கால் வலிக்கு என்றால் முழங்காலுக்கு. அதில் அவருடைய குலதெய்வம், சாபக்கட்டு, முன்னோர் என்று நாமாக எதையும் இழுத்துவிடக் கூடாது.

"தோள்ல கை வைக்கலாமா?" என்று கேட்காமல் கை வைக்காதீர்கள். தலையில் வைத்து அழுத்துவது, தள்ளுவது, காதருகே சத்தம் போடுவது எதுவும் கூடாது. அந்நிய பாஷையில், அதாவது ஆவியானவர் தருவதாக நம்பும் கற்காத மொழியில், ஜெபிக்கும் வரம் உள்ளவர்கள் அதை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். ஜெபிக்கிறவர் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அழுகிறாரா, சங்கடப்படுகிறாரா, மயக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

ஆண்டவர் எனக்குச் சொன்னார், உனக்கு இந்த வருடம் கல்யாணம், உனக்குக் குழந்தை என்ற வாக்குகள் வேண்டவே வேண்டாம். மாத்திரையை நிறுத்து என்று யாராவது ஜாடையாகச் சொன்னாலும் அவரை அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை எல்லாவற்றுக்கும் இதுதான். பெரியவரா, கமிட்டியில் இருக்கிறாரா என்றெல்லாம் பார்க்காதீர்கள்.

ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு டீ கொடுங்கள். "ஒண்ணும் தோணல" என்றால், "சரிங்க" என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இதில் சட்டமும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டு வருடமும் ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்கள் சபைப் பெரியவர்களைக் கேளுங்கள். சட்டம் போனாலும் சந்தேகம் அப்படியே இருக்கிறது. ஆகவே அழைப்பிதழிலேயே இது கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிய கோர்ஸ் என்று எழுதிவிடுங்கள். "ஆளுமைத் திறன் பயிற்சி" என்றெல்லாம் போட்டு அழைத்துவிட்டு மூன்றாவது வாரம் கை வைத்து ஜெபிப்பது ஏமாற்று வேலை. சுகம் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்ற ஆசை காட்டும் ஜெபமும் அதே வகைதான்.

வாட்ஸ்ஆப்

கேட்டதை வெளியே சொல்லாதவர்கள்தான் வேண்டும் என்று முதலில் சொன்னதன் காரணம் இது. மூன்றாவது கோர்ஸில் ஒரு பெண் தன் கணவரின் குடியைப் பற்றிக் குழுத்தலைவியிடம் தனியாகச் சொல்லி அழுதார். தலைவி நல்ல மனதோடு ஜெபக்குழுவின் வாட்ஸ்ஆப்பில் போட்டார். பெயர் போடவில்லை, ஆனால் "நம்ம தெப்பக்குளம் சிஸ்டர்" என்று போட்டார். குழுவில் ஒருவர் அதைத் தன் வீட்டு ஜெபக் குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து அது எங்கெங்கோ சுற்றி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கணவரின் தங்கை காதுக்கே போய்விட்டது. "உங்க வீட்டு விஷயமா ஜெபிச்சிட்டிருக்கோம்" என்று யாரோ அவரிடமே ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் பிறகு வரவில்லை. நானும் தலைவியும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். பேசவில்லை.

அன்றிலிருந்து ஜெப விண்ணப்பம் எதுவும் போனில் போவதில்லை. நேரில் சொல்வோம், நோட்டில் முதல் எழுத்து மட்டும். "இதை ஜெபக்குழுவில் சொல்லலாமா?" என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் நேரிலும் சொல்வதில்லை. வெளிப்படையாகச் சொன்னால், நம் சபைகளில் வம்பு பேசுவதற்கு இருக்கும் மரியாதையான பெயர்களில் ஜெப விண்ணப்பமும் ஒன்று.

கேட்டது கிடைக்காதபோது

நடக்கும். ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஐசியுவில் இருந்த அம்மாவுக்காக ஒரு இளைஞன் கேட்டான். குழு முழுவதும் ஜெபித்தது, பாட்டியம்மா இரவெல்லாம் விழித்திருந்தார். ஐந்தாம் நாள் அம்மா இறந்துபோனார். குழுவில் ஒருவர், "நம்ம விசுவாசம் பத்தல" என்று சொல்லத் தொடங்கினார். அவரைத் தனியே கூட்டிப்போய் நிறுத்தினோம். இன்னொருவர், "இதுலயும் ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும்" என்றார். அதையும் அந்தப் பையன் முன்னால் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம்.

பிறகு என்ன செய்தோம்? தத்தனேரிக்குப் போனோம், சுடுகாட்டுக்கு. அவர்கள் முறைப்படி எல்லாம் நடந்தது. நாங்கள் ஐந்து பேரும் ஓரமாக நின்றோம். ஜெபம் எதுவும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் போய்விட்டு வந்தோம். அதற்கடுத்த வியாழக்கிழமை அவன் கோர்ஸுக்கு வந்தான். ஏன் வந்தான் என்று நான் கேட்கவில்லை. சேரில் உட்கார்ந்து சாப்பிட்டான், எதுவும் பேசாமல் போனான். கடைசி வாரம் வரை அப்படியே வந்தான்.

முடிந்தபிறகு

கடைசி மாலை முடிந்ததும் ஜெபக்குழு கலைந்துவிடும், அது இயல்பு. ஆனால் விருந்தினர்களுக்கு அதற்கடுத்த வியாழக்கிழமைதான் வெறுமையாக இருக்கும். ஆகவே இன்னும் நான்கு வாரம் குழு கூடட்டும், அரை மணி நேரம் போதும். யார் யாரை வீட்டில் போய்ப் பார்ப்பது என்பதை அங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

பூக்கட்டும் அம்மாவின் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்தக் கோர்ஸ் முடியும்வரை கிடைக்கவில்லை. பிறகு திருப்பூருக்குப் போய்விட்டான் என்று கேள்வி. அம்மா இப்போதும் எப்போதாவது ஞாயிறு ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கும் போகிறார். நோட்டில் அவர் பெயரின் முதல் எழுத்தைப் பாட்டியம்மா அடுத்த கோர்ஸ் நோட்டுக்கு மாற்றி எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டு, பழைய நோட்டை அவர் வீட்டு விறகடுப்பில் போட்டோம். நீங்களும் அப்படியே செய்துவிடுங்கள். பழைய பேப்பர்காரருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.